ஐந்தாம் சீலமும் நோவுற்றோர் மருந்தும்



பௌர்ணமிக் கூட்டங்களிலே பஞ்சசீலம் ஏற்று இல்லந் திரும்பும் உபாசகரும் உபாசிகைகளும் நம்மிடம் அடிக்கடி வினவும் கேள்வி ஒன்றுண்டு. “மயக்கந் தரும் பொருளைத் தொடேன் என்று ஐந்தாம் சீலத்தில் உறுதி கூறினோம். தீராத நோவுக்கு வைத்தியர் அபினியிலிருந்து எடுத்த மருந்தையோ, கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்தையோ கொடுப்பாராயின், அதனை உண்பது சீலபங்கம் ஆகுமா?” என்பதே அக்கேள்வி. அதனைத் தொடர்ந்து மற்றொரு கேள்வியும் எழும். அம்மருந்து நோயாளிக்கு நன்மை செய்யுமாயின், அரசாங்கச் சட்டம் அதனை ஏன் இத்தனை பூட்டுக்களுக்குள் வைத்திருக்கின்றது?

இவ்விரு கேள்விகளையும் இப்பாடத்தில் ஆராய்வோம். முதற் கேள்விக்கு விநய பிடகத்தில் தெளிவான விடை உண்டு. இரண்டாம் கேள்விக்கும் அவ்விடையே வழி காட்டும் என்பது நமது துணிபு.

1. நோவு என்பது யாது?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும், அக்காலத்திற்கு மேல் திரும்பத் திரும்ப வரும் வலியையும் நாட்பட்ட நோவு என்று வைத்திய சாஸ்திரிகள் வகுத்துள்ளனர். புண் ஆறிய பின்னும் ஆறாத வலி, நரம்பு பழுதுற்றமையால் எரியும் வலி, மூட்டுத் தேய்வால் வரும் வலி, புற்றுநோயின் வலி எனப் பலவும் இதில் அடங்கும். நாம் நூற்பாலையில் நின்று உழைத்தவர். எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நின்று, அறுந்த இழையைக் குனிந்து குனிந்து ஒட்டியவர்களின் இடுப்பும் முழங்காலும் ஐம்பது வயதிற்குள் என்னவாகும் என்பதை அறிவோம். இத்தகைய நோவு உறக்கத்தைக் கெடுக்கின்றது, கூலியைக் குறைக்கின்றது, வீட்டில் கோபத்தை வளர்க்கின்றது.

“துக்கத்தைப் பொறுத்துக்கொள்வதே தம்மம், அதற்கு மருந்து எதற்கு?” என்று சிலர் கூறுவதுண்டு. இரண்டு அம்புகளைப் பற்றிய உவமையை அவர்கள் எடுத்துக்காட்டுவர். உடலில் தைத்த முதல் அம்பின் வலியோடு, மனத்தின் புலம்பலாகிய இரண்டாம் அம்பையும் அறிவிலார் ஏற்கின்றனர் என்பதே அவ்வுவமையின் கருத்து. இரண்டாம் அம்பை விலக்கக் கற்றுக்கொள் என்று பகவன் போதித்தாரேயன்றி, முதல் அம்பைப் பிடுங்கலாகாது என்று போதித்தாரில்லை. கபிலவத்துவில் சாக்கியர் கட்டிய புது மண்டபத்தில் இரவு வெகுநேரம் போதித்த பின், முதுகு நோகின்றதென்று கூறி, மேற்கொண்டு போதிக்கும் பொறுப்பை ஆனந்தரிடம் ஒப்புவித்துப் பகவன் படுத்து ஓய்வு கொண்டார். ததாகதரே தமது உடல் வலியை மறைக்கவில்லை. அங்ஙனமிருக்க, வலியை மறைத்து நடிக்கும் கடமை உபாசகருக்கு எங்கிருந்து வந்தது?

2. சீலம் எதனை விலக்குகின்றது?

ஐந்தாம் சீலத்தின் சொற்களைப் பிரித்து நோக்குவோம். சுரா என்பது அரிசி, மா முதலியவற்றைப் புளிக்க வைத்து எடுத்த மது. மேரயம் என்பது பூ, பழம் முதலியவற்றிலிருந்து எடுத்த மது. மஜ்ஜம் என்பது மயக்கம் விளைப்பது. இவை ஏன் விலக்கப்பட்டன எனின், பமாதத்துக்கு இடமாக இருத்தலால் என்று சீலமே காரணங் கூறுகின்றது. பமாதமாவது மறதி, அசட்டை, விழிப்பின்மை. விழிப்பை இழந்தவன் ஏனைய நான்கு சீலங்களையும் இழக்கின்றான். ஆகையால் இச்சீலம் விழிப்பைக் காக்க எழுந்த வேலியாகும்.

1956ஆம் ஆண்டு நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளிலே மது அருந்தாமையும் ஒன்றாயிற்று. உழைப்பாளியின் கூலியைச் சாராயக் கடை விழுங்கிய கொடுமையை அறிந்தோர்க்கு அதன் காரணம் விளங்கும். அவ்வுறுதியை நாம் இம்மியும் தளர்த்தோம். களிப்புக்காக உண்ணும் கஞ்சாவும் அவ்வாறே விலக்கத்தக்கது. இங்கே ஆராய்வது நோயாளியின் மருந்தொன்றையே.

3. விநயம் காட்டும் மூன்று படிகள்

மகாவக்கத்தின் ஆறாம் பகுதி மருந்துகளைப் பற்றியது. அதில் பிலிந்தவச்சர் என்னும் தேரர் வாத நோயால் வருந்திய வரலாறு உளது. வைத்தியர்கள் தைலம் காய்ச்சிக் குடிக்க வேண்டுமென்றனர். அத்தைலத்தில் மது சேர்க்க வேண்டியிருந்தது. செய்தி பகவனிடம் சென்றது. மது சேர்த்துக் காய்ச்சிய தைலத்தைப் பகவன் அனுமதித்தார். இது முதற்படி.

பின்னர் ஆறு பிக்குகள் கொண்ட குழுவினர் அவ்வனுமதியைப் பயன்படுத்தி, தைலத்தில் மதுவை மிகுதியாகக் கலந்து குடித்து மயங்கினர். இது இரண்டாம் படி. எந்த நல்ல அனுமதியையும் தவறாகப் பயன்படுத்துவோர் எக்காலத்தும் இருப்பர் என்பதற்கு இதுவே சாட்சி.

இப்போது பகவன் செய்தது யாது? சிலர் மயங்கினர் என்பதற்காக நோயாளியின் தைலத்தைப் பறிக்கவில்லை. மிகையாக மது கலந்த தைலத்தைக் குடிக்கலாகாது என்று தடுத்தார். மதுவின் நிறமும் மணமும் சுவையும் தோன்றாத அளவில் கலந்ததைக் குடிக்கலாம் என்று எல்லை வகுத்தார். முன்பே மிகையாகக் கலந்து காய்ச்சிவிட்டதை உடம்பில் பூசிக்கொள்ள வைத்துக்கொள்ளுமாறு கூறினார். இது மூன்றாம் படி.

அனுமதி, துஷ்பிரயோகம், அளவு என்னும் இம்மூன்று படிகளையும் மனத்தில் இருத்துங்கள். இப்பாடத்தின் உயிர்நாடி இதுவே.

அதே பகுதியில், உடல் வாதத்திற்கு ஒற்றடம் இட அனுமதித்த நீருக்கு ‘பங்கோதகம்’ என்ற பெயர் வருகின்றது. ஆங்கிலத்தில் பெயர்த்தோர் இதனைக் கஞ்சாச் செடியின் நீர் என்றனர். பழைய உரையோ பலவகை இலைகளை இட்டுக் கொதிக்க வைத்த நீர் என்கின்றது. ஆதலின், “பகவனே கஞ்சாவை அனுமதித்தார்” என்று எவரும் மேடையில் முழங்க வேண்டா. நமது வாதத்துக்கு அத்தகைய ஐயுறவான ஆதாரம் தேவையில்லை. தைலத்தின் வரலாறே போதுமானது.

நமது சங்கத்து உபாசிகை ஒருவர் கருப்பைவாய்ப் புற்றால் பல மாதம் வருந்தினார். மருத்துவமனையில் கொடுத்த மார்பின் மாத்திரைகளை உண்ணாமல் தலையணைக்கடியில் சேர்த்து வைத்திருந்தார். “ஐயா, சாகும் வேளையில் சீலத்தை முறித்துக்கொண்டு போகலாமா?” என்று நம்மைக் கேட்டார். பிலிந்தவச்சரின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தோம். “தாயே, வலியால் அலறும்போது உங்களுக்கு விழிப்பு இருக்கிறதா? வலி தணிந்தபோது இருக்கிறதா?” என்று வினவினோம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, “தணிந்தால்தான் ஐயா, பேரன் முகமே தெரிகிறது” என்றார். அன்று முதல் வைத்தியர் சொன்ன வேளையில் சொன்ன அளவு உண்டார். கடைசி வாரங்களில் சரணங்களைத் தம் வாயாலே ஓதினார். அம்மருந்து அவருடைய விழிப்பைக் காத்ததேயன்றிக் கெடுக்கவில்லை.

4. இச்செடியின் வைத்திய வரலாறு

கஞ்சாச் செடி நம் நாட்டு வைத்தியத்திற்குப் புதிதன்று. ஆயுர்வேதத்தார் இதனை விஜயா என்பர். ஐரோப்பிய வைத்தியத்திற்கு இதனை அறிமுகப்படுத்தியவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓஷாநெசி என்பவர். அவர் முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்து, பின் கீல்வாதம், ஜன்னி இழுப்பு முதலியவற்றால் வருந்திய நோயாளிகளுக்குக் கொடுத்து, 1839இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார்.

1893இல் பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன் ஒன்றை அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை அது விசாரித்தது. மிகையான பழக்கம் தீங்கானதென்றும், முழுத்தடை தேவையற்றதென்றும், கட்டுப்பாடே தக்கதென்றும் அது 1894இல் அறிக்கை அளித்தது.

இச்செடியில் மயக்கந் தரும் முதன்மைப் பொருளாகிய டி.எச்.சி.யை இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான மெக்கூலம், கவோனி என்போர் 1964இல் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினர். மயக்கந் தராத சி.பி.டி. என்னும் வேறொரு பொருளும் இதில் உண்டு. மனித மூளையும் இதனையொத்த பொருளொன்றைத் தானே சுரக்கின்றதென 1992இல் கண்டனர். அதற்கு ‘ஆனந்தமைடு’ எனப் பெயரிட்டனர். ‘ஆனந்தம்’ என்னும் நம் நாட்டுச் சொல்லே அப்பெயரின் முதற்பகுதி.

இம்மருந்து நாட்பட்ட நோவை முற்றும் போக்கும் என்று கூறுதல் பொய்யாகும். அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகங்களின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, வயது வந்தோரின் நாட்பட்ட நோவுக்கு இது பயன்படுமென்பதற்குக் கணிசமான சான்று உண்டு என்றது. சர்வதேச நோவு ஆராய்ச்சிச் சங்கமோ, தரமான சான்று போதவில்லையாதலால் இதனைப் பொதுவாகப் பரிந்துரைக்க இயலாதென்று 2021இல் அறிவித்தது. சிலருக்கு, சிறப்பாக நரம்பு நோவுடையோருக்கு, ஓரளவு தணிவு கிடைக்கலாம். பலருக்குக் கிடைக்காமலும் போகலாம். தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம், நினைவுத் தடுமாற்றம் ஆகியன வரக்கூடும். சித்தக் கலக்கத்திற்கு இடமுள்ளவர்க்கு அது மிகும். இளைஞர்க்கும் கருவுற்றோர்க்கும் ஆகாது. பழக்கமாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இவ்வளவும் உடைய பொருளாதலாலேயே, இது தெருமுனையில் இருத்தலாகாது. வைத்தியரின் கையில் இருத்தல் வேண்டும்.

5. நம் நாட்டுச் சட்டம்

1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் 1985 நவம்பர் 14 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. செடியின் பூங்கதிராகிய கஞ்சாவும், பிசினாகிய சரஸும் அதனால் தடை செய்யப்பட்டன. பூங்கதிரோடு சேராத இலையும் விதையும் அவ்விளக்கத்தில் அடங்கா. ஆதலின் உத்தரப் பிரதேசம், ராஜஸ்தானம் முதலிய இராஜ்யங்களில் இலையால் செய்த பாங்கு அரசாங்க உரிமம் பெற்ற கடைகளிலே விற்கப்படுகின்றது.

அச்சட்டத்தின் எட்டாம் பிரிவை வாசிப்போர் வியப்படைவர். தடையை விதிக்கும் அப்பிரிவே, மருத்துவத்திற்கும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் விலக்கு அளிக்கின்றது. பத்தாம் பிரிவு, சரஸ் நீங்கலாக, இச்செடியைப் பயிரிடவும் கஞ்சாவை உற்பத்தி செய்யவும் அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை இராஜ்ய அரசாங்கங்களுக்கு வழங்குகின்றது. எனவே கதவு சட்டத்திலேயே இருக்கின்றது. திறப்போர்தாம் அரியர்.

இதன் பயன் யாது? விஜயா இலையைக் கொண்டு செய்த ஆயுர்வேத மருந்துகளை உரிமம் பெற்ற சிலர் செய்கின்றனர். அவற்றை வைத்தியர் மேற்பார்வையிலே உண்ண வேண்டும் என்பது விதி. ஆயினும் அதனை அறிந்தோர் சிலரே. விலை கொடுக்க வல்லோர் இன்னுஞ் சிலரே. பண்டிகைக் களிப்புக்கு உரிமக்கடை இருக்கும் நாட்டில், நோவுற்ற ஏழைக்குச் சோதித்து அளவிட்ட மருந்து எட்டாமலிருக்கின்றது. ஆகவே அவன் இருட்டில் பொட்டலம் வாங்குகின்றான். அதில் என்ன கலந்திருக்கின்றது, வலிமை எவ்வளவு என்பதை அறியான். பிடிபட்டால், ஒரு கிலோவுக்கு உட்பட்ட சிறிய அளவாயினும் ஓராண்டு வரை கடுங்காவலோ, பதினாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

6. மார்பின் கற்பித்த பாடம்

சட்டத்தில் விலக்கு எழுதியிருந்தால் மட்டும் போதாதென்பதற்கு மார்பினே சான்று. உலகில் அபினியைச் சட்டப்படி பயிரிடும் சில நாடுகளில் நமது நாடு ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் அது விளைகின்றது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசாங்க ஆலைகள் உள. அபினி வெளிநாடுகளுக்கு மருந்துக்காகச் சென்றது. ஆயினும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், நம் நாட்டுப் புற்றுநோயாளிகளுக்கு மார்பின் கிடைப்பது மிக அருகிற்று. ஒரு மருத்துவமனை பல இலாகாக்களில் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. ஒன்று கிடைப்பதற்குள் மற்றொன்று காலாவதியாகும். தண்டனைக்கு அஞ்சி மருந்துக்கடைகள் அதனை வைக்க மறுத்தன.

இந்நிலையை மாற்றக் கேரளத்தார் பெரிதும் உழைத்தனர். கோழிக்கோட்டில் 1993இல் நோவு தணிப்புச் சங்கம் தோன்றிற்று. டாக்டர் எம். ஆர். இராஜகோபால் முதலியோர் இடைவிடாது முயன்றனர். அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் நோயாளியின் வீட்டுக்கே சென்று பணி செய்யும் முறை அங்கே வளர்ந்தது. முடிவில் 2014இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மார்பின் முதலியவற்றை ‘இன்றியமையாத போதை மருந்துகள்’ என வகுத்தது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் பல உரிமங்களுக்கு அலைய வேண்டாத நிலை அதனால் உண்டாயிற்று. இதற்கு இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டுகளில் அலறி மடிந்தோரை எந்தத் திருத்தம் மீட்கும்?

7. பிற நாடுகளின் அனுபவம்

பிரிட்டனில் 2018 நவம்பர் முதல் சிறப்பு வைத்தியர்கள் கஞ்சா மருந்துகளை எழுதிக் கொடுக்கலாம். பௌத்த நாடாகிய தாய்லாந்தின் வரலாறு நமக்கு இன்னும் பயனுடையது. தென்கிழக்கு ஆசியாவில் முதல் நாடாக அது 2019இல் மருத்துவத்திற்கு அனுமதி அளித்தது. 2022 ஜூனில் செடியையே போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிற்று. உடனே நகரமெங்கும் கடைகள் பெருகின. களிப்பு வணிகம் மருத்துவத்தை மறைத்தது. 2025 ஜூனில் பூங்கதிரை வாங்க வைத்தியர் சீட்டு வேண்டுமென மீண்டும் விதித்தனர். அனுமதி, துஷ்பிரயோகம், அளவு ஆகிய மூன்று படிகளும் இங்கே நம் கண்முன் நிகழ்ந்தன. இரண்டாம் படியைத் தவிர்த்து நேரே மூன்றாம் படிக்குச் செல்வதே அறிவுடைமை.

2020 டிசம்பர் 2இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் கமிஷன், 27 வாக்குகளுக்கு 25 வாக்குகள் என்ற கணக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கிற்று. நமது நாடு நீக்கத்திற்கு ஆதரவாக வாக்களித்தது. வியன்னாவில் கொடுத்த வாக்கு, நம் ஊர் மருத்துவமனையின் வாயில் வரை வந்து சேர வேண்டும்.

8. நாம் வேண்டுவதும் நாம் கடைப்பிடிப்பதும்

அரசாங்கத்தை நாம் வேண்டுவன நான்கு. இராஜ்ய அரசாங்கங்கள் பத்தாம் பிரிவின்படி, மருந்துக்கு மட்டுமென இச்செடியைப் பயிரிட்டுச் சோதித்து அளவிட்ட மருந்தாக்க வழி செய்க. அரசாங்க மருத்துவமனைகளில் முறையான ஆராய்ச்சி நடத்தி, எந்நோவுக்கு எவ்வளவு பயன் என்பதைத் தெளிவிக்க. வைத்தியர் சீட்டோடு மருந்து வைத்திருப்பவரைக் குற்றவாளிபோல் நடத்தாதிருக்க. மார்பின் ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் ஏழைக்குக் கிடைக்கச் செய்க.

உபாசகர் கடைப்பிடிக்க வேண்டுவனவும் உள. வைத்தியர் எழுதாத மருந்தை உண்ணற்க. நோவென்று சொல்லித் தெருவில் வாங்கற்க. சொன்ன அளவைத் தாமே கூட்டற்க. உண்ட பின் வண்டி ஓட்டற்க, இயந்திரத்தருகே நிற்கற்க. ஆலையில் ஒரு நொடித் தூக்கம் விரலைக் கொண்டுபோவதை நாம் பார்த்திருக்கின்றோம். மருந்தைப் பிள்ளைகள் கைக்கெட்டாமல் பூட்டி வைக்க. நாள்தோறும் மனத்தை நோக்கி, “இது வலிக்காக உண்ணப்படுகின்றதா, களிப்புக்காக உண்ணப்படுகின்றதா?” என்று வினவுக. விடை மாறும் நாளில் வைத்தியரிடம் மறைக்காது சொல்லுக.

நோயுற்றுத் தன் அழுக்கிலே கிடந்த பிக்குவைப் பகவனும் ஆனந்தரும் தம் கைகளால் கழுவிப் படுக்கையில் கிடத்தினர். நோயாளிக்குச் செய்யும் தொண்டு தமக்கே செய்யும் தொண்டாகும் என்று பகவன் அன்று கூறினார். அத்தொண்டில் மருந்து தேடித் தருவதும் அடங்கும். மருந்தின் வழியை அடைத்து நிற்கும் பூட்டைத் திறக்கச் சொல்வதும் அடங்கும்.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. ஐந்தாம் சீலம் மயக்கப் பொருளை விலக்குதற்கு அது கூறும் காரணம் யாது?
2. ஆறு பிக்குகளின் தவறுக்குப் பின் பகவன் வகுத்த எல்லை எது? தைலத்தையே அவர் தடுத்திருந்தால் யாருக்கு இழப்பு?
3. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம், பத்தாம் பிரிவுகள் நோயாளிக்கு எவ்வகையில் இடந் தருகின்றன?
4. மார்பினுக்கு 2014இல் கிடைத்த வழி, கஞ்சா மருந்துக்கும் கிடைக்க எவ்வெவற்றைச் செய்தல் வேண்டும்?
5. நமது தெருவில் நாட்பட்ட நோவோடு வாழ்வோர் யாவர்? அடுத்த பௌர்ணமிக்குள் அவர்களுள் எவரைச் சென்று காண்பீர்?